பார்ட் 3-இல் சறுக்கியது ஏன்? ஓர் இ.ஏ. தேர்வு, ஐந்து சிட்டிங்

எங்கள் அணியில் ஒரு தம்பி இருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்க வரி வேலைக்கு வந்து ஒன்பது வருடம். எஸ் கார்ப் என்கிற அமெரிக்கக் கம்பெனி வகை, பார்ட்னர்ஷிப் ரிட்டர்ன் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவார். அவரிடமிருந்து ரிவ்யூவுக்கு வருகிற ஃபைலில் நான் திருத்தம் எழுதியது அபூர்வம். அமெரிக்க வரித் துறையின் இ.ஏ. தேர்வை எழுதப் போகிறேன் என்று அவர் சொன்னபோது மூன்று பார்ட், மூன்று சிட்டிங், முடிந்தது என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டோம். ஐந்து ஆனது. சறுக்கிய இரண்டில் ஒன்று பார்ட் 3. "அது தியரிதானே அக்கா, பத்து நாள் போதும்" என்று அவரே ஒதுக்கி வைத்திருந்த பார்ட்.

அந்த ஐந்து சிட்டிங்கையும் பிரித்துப் பார்க்கலாம் என்று நான் கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தேர்வில் வந்த கேள்வி எதுவும் இதில் இருக்காது. வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே முதல் கேள்வியே திறக்கும். உதாரணங்கள் நான் கட்டியவை. கட்டணமும் விதிகளும் அவர் எழுதிய 2022 முதல் 2024 வரையிலான காலத்துக்கு உரியவை. இனி எழுதப் போகிறவர்கள் அந்தந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

தேர்வு எப்படி இருக்கிறது

இ.ஏ. என்றால் என்ரோல்டு ஏஜென்ட். அமெரிக்காவில் வக்கீலுக்கும், நம் ஊர் சி.ஏ. போன்ற சி.பி.ஏ.வுக்கும் உரிமம் கொடுப்பது மாநிலங்கள். இ.ஏ. உரிமத்தை வருமான வரியை வசூலிக்கிற ஐ.ஆர்.எஸ்.ஸே கொடுக்கிறது, அதனால் எல்லா மாநிலத்திலும் செல்லும். ஐ.ஆர்.எஸ்.ஸில் உரிய பணியில் ஐந்து வருடம் இருந்தவர்களுக்குத் தேர்வில்லாத வழி ஒன்று உண்டு. மற்ற எல்லோரும் ஸ்பெஷல் என்ரோல்மென்ட் தேர்வு எழுத வேண்டும். பட்டம் கேட்பதில்லை. குடியுரிமையும் கேட்பதில்லை. நம் ஊரில் இதற்கு இத்தனை கோச்சிங் விளம்பரம் கண்ணில் படுவதற்குக் காரணம் அதுதான்.

பார்ட் 1 தனிநபர் வரி. பார்ட் 2 தொழில் அமைப்புகளின் வரி. பார்ட் 3 பிரதிநிதித்துவமும் நடைமுறையும். ஒவ்வொன்றிலும் 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அந்த 100-இல் 85-க்குத்தான் மதிப்பு. மீதி 15 பின்னாளில் பயன்படுத்துவதற்காக வெள்ளோட்டம் விடுகிற கேள்விகள். எது எந்த வகை என்று சொல்லமாட்டார்கள். முதல் 50-ஐ முடித்துக்கொடுத்தால் கால் மணி நேர இடைவேளை. கொடுத்த 50-க்குத் திரும்பிப் போக முடியாது.

மதிப்பெண் விஷயம்தான் நம்மவர்களுக்குப் புரிய நாளாகும். தேர்ச்சிக்கு 105. எத்தனைக்கு 105 என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சரியான விடைகளின் எண்ணிக்கையை 40 முதல் 130 வரையிலான ஓர் அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். ஒருவருக்குக் கிடைத்த கேள்வித் தொகுப்பு கொஞ்சம் கடினம், அடுத்தவருக்குக் கிடைத்தது கொஞ்சம் சுலபம் என்றால் அந்த வேறுபாட்டை இந்த மாற்றம் சமன் செய்யும். அதனால் 98 வாங்கியவர் 'ஏழு கேள்வியில் போச்சு' என்று சொல்லக்கூடாது. ஏழு என்பது அளவுகோலில் உள்ள தூரம். கேள்விகளின் எண்ணிக்கை இல்லை.

தேறியவருக்கு மதிப்பெண்ணே கிடையாது, 'பாஸ்' என்று மட்டும் வரும். நம் தம்பியின் அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மார்க் எங்கடா?" என்று கேட்டாராம். தவறியவருக்கு மதிப்பெண்ணும் வரும், பாடப்பிரிவு வாரியாக 1, 2, 3 என்று ஒரு குறிப்பும் வரும். 1 என்றால் பலவீனம், 2 என்றால் இன்னும் கொஞ்சம் படிக்கலாம், 3 என்றால் நன்றாகத் தெரிகிறது. விழுந்தவருக்கு இதைவிட உபயோகமான காகிதம் வேறு இல்லை. பெரும்பாலானவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு அதைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

சி.ஏ. எழுதியவர்கள் இங்கே ஒன்றை மறந்துவிட வேண்டும். குரூப், அக்ரிகேட், எக்ஸெம்ப்ஷன் எதுவும் இதில் இல்லை. ஒரு பார்ட்டில் அள்ளிக் குவித்து இன்னொன்றின் பள்ளத்தை நிரப்ப முடியாது. எந்த வரிசையிலும் எழுதலாம், ஒவ்வொன்றும் தனி. ஒன்றைத் தேறிவிட்டால் அது மூன்று வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் மற்ற இரண்டும் வந்துவிட வேண்டும். முன்பு இரண்டு வருடம்தான் இருந்தது. தேர்வுக் காலம் மே 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. ஒரு காலத்துக்குள் ஒரு பார்ட்டை நான்கு முறை முயலலாம். மார்ச்சும் ஏப்ரலும் அடைப்பு. கேள்விகளைப் புது வரிச் சட்டத்துக்கு மாற்றுவது அந்த இரண்டு மாதத்தில்தான். அந்த மாற்றம்தான் தம்பியை முதலில் கவிழ்த்தது.

நவம்பர், பிப்ரவரி, ஆகஸ்ட்

தேர்வுக்குப் பதிய முதலில் பிடின் எண் வேண்டும். ரிட்டர்ன் தயாரித்துக் காசு வாங்குகிற எல்லோருக்கும் 2011-இலிருந்து கட்டாயமான எண் அது. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் 8946 படிவத்தோடு பாஸ்போர்ட் சான்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஜூனில் அனுப்பினார், ஆகஸ்டில் வந்தது. எழுதுவது என்று முடிவெடுத்த அன்றே இதைச் செய்யாமல் கோச்சிங்குக்கு முதலில் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

2022 நவம்பரில் பெங்களூர் போய்ப் பார்ட் 2 எழுதினார். தினமும் புரளுகிற வேலை அது, முதல் தடவையிலேயே பாஸ். அந்தச் சூட்டோடு 2023 பிப்ரவரியில் பார்ட் 1. பிஸி சீசன் தொடங்கியிருந்தது. பகல் முழுக்கத் தனிநபர் ரிட்டர்ன், இரவில் படிப்பு. வேலையும் படிப்பும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் என்று கணக்குப் போட்டார். வந்தது 98.

வேலைதான் காலை வாரிவிட்டது. பிப்ரவரி 2023-இல் அவர் அலுவலகத்தில் போட்டுக்கொண்டிருந்தது 2022-ஆம் வருட ரிட்டர்ன். ஆனால் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை நடந்த தேர்வு 2021 டிசம்பர் 31 அன்று இருந்த சட்டத்தைக் கேட்கும். வேறு எந்த வருடமாவது இருந்தால் வரி அடுக்குகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். 2021 அப்படியில்லை. கோவிட் நிவாரணச் சட்டத்தால் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் பல சலுகைகள் ஊதிப் பெருகியிருந்தன.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போடுகிறார்கள், வருமானம் 1,20,000 டாலர், பிள்ளைகளுக்கு வயது 4, 9. குழந்தை வரிச்சலுகை எவ்வளவு? 2021 சட்டப்படி ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 3,600, பெரிய பிள்ளைக்கு 3,000, மொத்தம் 6,600. 2022 சட்டப்படி தலைக்கு 2,000; மொத்தம் 4,000. அன்று மாலை வரை கை 4,000 என்றே பழகியிருக்கிறது. விடைகளில் 4,000-உம் இருந்தால் கண் அங்கேதான் போகும். குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கான சலுகையும் இதே கதை: 2021-இல் இரண்டு பிள்ளைகளுக்கு 16,000 டாலர் செலவு வரை கணக்கில் எடுக்கலாம், 2022-இல் 6,000.

சட்டம் எந்த வருடத்தையது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கையேட்டில் பெரிதாகவே போட்டிருக்கிறது. தெரிந்த விஷயத்தைப் பழகிய கை மீறிவிட்டது. கழித்தல்களும் சலுகைகளும் அடங்கிய பிரிவில் அவருக்கு வந்த குறிப்பு 1. ஒன்பது வருடமாக அதையே செய்கிறவருக்கு 1!

ஆகஸ்டில் மறுபடி எழுதினார். இந்தமுறை தேர்வு கேட்டது 2022 சட்டத்தை, அதாவது சீசன் முழுக்க அவர் போட்ட அதே சட்டத்தை. புதிதாகப் படித்தது குறைவு, பாஸ். அதிலிருந்து எங்கள் அணியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது: சீசன் முடிந்து, மே திறந்து, சட்டமும் கையும் ஒரே வருடத்தில் இருக்கும்போதே பார்ட் 1-ஐ முடித்துவிடுவது.

இதுவரை செலவு மூன்று சிட்டிங். ஒரு சிட்டிங்குக்கு 200 டாலரைச் சற்றுத் தாண்டும், நம் காசில் ஏறக்குறைய 17,000 ரூபாய். விழுந்தால் தள்ளுபடி கிடையாது. பெங்களூர் ரயிலும் லாட்ஜும் தனி.

குதிரைக்குக் காசு கேட்டவர்கள்

நான்காவது சிட்டிங்குக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பார்ட் 3 எதற்காக இருக்கிறது என்பது தெரியாமல் அதில் ஒருவர் ஏன் விழுகிறார் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைகள் பொதுமக்களின் குதிரைகளையும் சொத்துகளையும் எடுத்துக்கொண்டன, அழித்தன. போர் முடிந்து பல வருடம் வரை அதற்கு இழப்பீடு கேட்டுக் கருவூலத் துறைக்கு மனுக்கள் வந்தபடி இருந்தன. மனுதாரருக்காக வந்து நிற்கிற ஏஜென்டுகளில் பலர் புளுகர்கள். செத்துப்போன நொண்டிக் குதிரைக்குப் பந்தயக் குதிரை விலை கேட்டார்கள். 1884 ஜூலையில் அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், துறையின் முன் மனுதாரர்களுக்காக வந்து பேசுகிறவர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கருவூலச் செயலருக்குக் கொடுத்தது. இன்றைக்கும் அதைக் குதிரைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். இன்றைய வருமான வரி 1913-இல் வந்தது. அதை வசூலிக்கிற ஐ.ஆர்.எஸ்.ஸும் அதே கருவூலத் துறையின் கீழ்தான். குதிரைக்குப் பேசிய ஏஜென்ட் வரிக்குப் பேச ஆரம்பித்தார். அவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் சர்க்குலர் 230 என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. பார்ட் 3-இன் முதுகெலும்பு அதுதான்.

அந்தச் சட்டத்தின் உயிர் 'பிரதிநிதி' என்கிற ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது 130 வருடம் கழித்து ஒரு வழக்கில் தெரிந்தது.

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு பிறர் ரிட்டர்னை நிரப்பித் தர மத்திய அரசின் தேர்வு எதுவும் கிடையாது. பிடின் எண் போதும். தெருமுனைக் கடையில் பிப்ரவரி வந்தால் போர்டு மாட்டி ஏப்ரலில் கழற்றிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். 2011-இல் ஐ.ஆர்.எஸ். இதற்கு முடிவு கட்டப் பார்த்தது. வக்கீல், சி.பி.ஏ., இ.ஏ. அல்லாத எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரு தேர்வு எழுத வேண்டும், வருடத்துக்கு 15 மணி நேரம் படிக்க வேண்டும் என்று விதி போட்டது. ஒரே தாள், 120 கேள்வி, கட்டணம் 116 டாலர். லட்சக்கணக்கானவர்களைத் தொடும் திட்டம்.

சிகாகோவில் சொந்தக் கடை வைத்திருந்த சபினா லவிங்கும் இன்னும் இரண்டு தயாரிப்பாளர்களும் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐ.ஆர்.எஸ். நீட்டியது அதே 1884 சட்டத்தை. 2013 ஜனவரியில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் திட்டத்தை நிறுத்தினார். 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனா, பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். சாரம் இதுதான்: ரிட்டர்னை நிரப்பித் தருகிறவர் யாருக்கும் பிரதிநிதி இல்லை. வரி கட்டுகிறவரின் சார்பில் செயல்படும் சட்ட அதிகாரம் அவருக்குக் கிடையாது. அந்தக் கட்டத்தில் வழக்கும் இல்லை, எதிர்த்தரப்பும் இல்லை. துறையின் முன் ஒருவருக்காக நின்று பேசும்போதுதான் குதிரைச் சட்டம் விழிக்கும்.

116 டாலர் கட்டித் தேறியவர்களுக்கு அந்தப் பட்டம் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஐ.ஆர்.எஸ். 2014-இல் கட்டாயத்தைக் கைவிட்டு, விருப்பமுள்ளவர்கள் சேரும் ஒரு வருடாந்தரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே வருடம் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பி 19 கடைகளைச் சோதித்தது. 17 இடங்களில் ரீஃபண்ட் தொகை தப்பு. மாநிலங்களில் ஓரிகான் மட்டும் 1970-களிலிருந்தே தயாரிப்பாளருக்குத் தேர்வு வைக்கிறது, அதுவும் இரண்டு படியாக: முதல் படி தேறியவர் இரண்டாம் படி தேறிய ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். இதே ஜி.ஏ.ஓ. 2008-இல் ஓரிகான் ரிட்டர்ன்களை மற்ற மாநிலத்தவற்றோடு ஒப்பிட்டு, அங்கே துல்லியம் கூடுதல் என்று சொல்லியிருந்தது. எனக்குக் கேட்டால் ஓரிகான் செய்ததுதான் சரி. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்தது எது நல்லது என்கிற கேள்வி அல்ல, 'பிரதிநிதி' என்றால் யார் என்கிற கேள்வி.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பார்ட் 1-உம் பார்ட் 2-உம் சோதிக்கிற திறமைக்கு அமெரிக்காவில் மத்திய உரிமமே தேவையில்லை. ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து நாங்கள் செய்வது அந்த வேலைதான். இ.ஏ. பட்டம் உண்மையில் எதற்கு அனுமதி கொடுக்கிறதோ அதைச் சோதிப்பது பார்ட் 3 ஒன்றுதான். மற்ற இரண்டும், நிற்கப் போகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நம் 1961 வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவும் இதே கோட்டைத்தான் போட்டது: ரிட்டர்னை யார் வேண்டுமானாலும் நிரப்பித் தரலாம், அதிகாரியின் முன் யார் ஆஜராகலாம் என்பதற்குத்தான் பட்டியல்.

நவம்பர் 2023: 101

தம்பி பத்து நாள்தான் படித்தார். கணக்கு கிடையாது, வரி அடுக்கு கிடையாது, படிவ எண்களையும் நாள் கணக்கையும் மனப்பாடம் செய்தால் போதும் என்கிற நினைப்பு. துறைக்குள் மேல்முறையீடு செய்ய 30 நாள் கடிதம், வரி நீதிமன்றம் போக 90 நாள் கடிதம் எல்லாம் தலைகீழாகச் சொல்வார். 90 நாள் கடிதம் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு வந்தால் 150 நாள் என்பது வரை.

101 வந்தது. குறிப்புத் தாளில் ரிட்டர்ன் தாக்கல் பிரிவுக்கு 3. தணிக்கை, மேல்முறையீடு, வசூல் பிரிவுக்கு 2. நடைமுறை விதிகளுக்கு 1. ஐ.ஆர்.எஸ். முன் பிரதிநிதித்துவத்துக்கு 1.

ஒரு சனிக்கிழமை கேன்டீனில் உட்கார்ந்து அவருக்கு நான்கைந்து கேள்வி கட்டிக் கொடுத்தேன். முதல் கேள்வி: வாடிக்கையாளரின் இந்த வருடக் கணக்கைப் பார்க்கும்போது, போன வருட ரிட்டர்னில் வாடகை வருமானம் விட்டுப்போனது தெரிகிறது. நீ என்ன செய்ய வேண்டும்? ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிவிக்க வேண்டுமா, வேலையை விட்டு விலக வேண்டுமா, திருத்திய ரிட்டர்னை நீயே போட்டுவிட வேண்டுமா, வாடிக்கையாளரிடம் தவறையும் அதன் விளைவையும் சொல்ல வேண்டுமா?

"திருத்தின ரிட்டர்ன் போடணும்க்கா."

"யாரைக் கேட்டு?"

பதில் இல்லை. சர்க்குலர் 230-இன் 10.21-ஆம் பிரிவு கேட்பது கடைசி வழியை மட்டும்தான்: உடனே வாடிக்கையாளரிடம் சொல், விளைவையும் சொல். திருத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஐ.ஆர்.எஸ்.ஸிடம் போட்டுக்கொடுக்கிற கடமை இல்லை. அவரைக் கேட்காமல் திருத்துகிற உரிமையும் இல்லை.

இரண்டாவது: வாடிக்கையாளர் ஃபீஸ் பாக்கி வைத்துவிட்டு வேறு ஆளிடம் போகிறார், தன் காகிதங்களைத் திருப்பிக் கேட்கிறார். தம்பி யோசிக்கவே இல்லை. "பாக்கியைக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போகட்டும்." இது திண்டிவனத்து விடை; அவருடைய சித்தப்பாவின் கணக்கர் அப்படித்தான் செய்வாராம். 10.28 வேறு மாதிரிச் சொல்கிறது. வரிக் கடமையை நிறைவேற்ற அவருக்குத் தேவையான ஆவணங்களை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், ஃபீஸ் தகராறு அதற்குத் தடை இல்லை. மாநிலச் சட்டம் பிடித்து வைக்க அனுமதித்தாலும், ரிட்டர்னோடு இணைக்க வேண்டியவற்றைக் கொடுத்தாக வேண்டும், மற்றதைப் பார்க்கவும் நகலெடுக்கவும் விட வேண்டும். காசு வராத நிலையில் நீ தயாரித்து வைத்திருக்கிற ரிட்டர்னை வேண்டுமானால் பிடித்து வைக்கலாம்.

மூன்றாவது 2848, 8821 படிவங்கள். இரண்டுக்கும் எண் மனப்பாடம். 8821 கையில் இருந்தால் வரி கட்டுகிறவரின் தகவலைப் பார்க்கலாம், வாங்கலாம். அவருக்காக ஒரு வார்த்தை வாதாட முடியாது. 2848 இருந்தால்தான் வாதாடலாம், ஒப்புக்கொள்ளலாம், காலக்கெடு நீட்டிப்பில் கையெழுத்திடலாம். பார்ப்பவருக்கும் பேசுபவருக்கும் உள்ள வித்தியாசம். "இதுக்கு ரெண்டு ஃபார்ம் எதுக்குன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்க்கா" என்றார்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் வேலையில் வாடிக்கையாளர் என்பவர் ஒரு ஃபைல் எண். சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் திரையில் தெரியும். அவருடைய அனுமதியோடுதான் ஃபைல் கடல் கடந்து வருகிறது, ஆனால் அவர் எங்களுக்கு ஒருபோதும் குரலாக வருவதில்லை. சந்தேகம் வந்தால் குவெரி ஷீட்டில் எழுதுவோம். அமெரிக்க அலுவலகம் கேட்டுச் சொல்லும். தவறு கண்ணில் பட்டால் திருத்துவதுதான் எங்கள் தொழில். யாருடைய தவறு, யாரிடம் கேட்டுத் திருத்துவது என்பது எங்கள் மேசைக்கு வராது. பார்ட் 3 கேட்பது முழுக்க அந்தக் கேள்விகளை. ஒன்பது வருட அனுபவம் அவருக்கு இந்தத் தாளில் உதவவில்லை, உபத்திரவமாகத்தான் இருந்தது. நாள் கணக்கு தப்பவில்லை. யாருக்காக யார் எவ்வளவு தூரம் போகலாம் என்கிற எல்லைதான் தப்பியது.

அடுத்த எட்டு வாரம் கோச்சிங் புத்தகத்தை மூடச் சொன்னேன். சர்க்குலர் 230-ஐயே படித்தோம். சிறியதுதான், நம் கம்பெனிச் சட்டத்தின் ஓர் அத்தியாயம் அளவு கூட இருக்காது. வெற்று 2848-ஐப் பத்துப் பதினைந்து தடவை நிரப்பினார்: கணவன் மனைவிக்கு ஒன்று போதாது, தனித்தனி, வருடத்தைக் குறிப்பிடாமல் 'எல்லா வருடமும்' என்று எழுதினால் திரும்பி வரும். நான் தணிக்கை அதிகாரி, அவர் பிரதிநிதி என்று பேசிப் பார்த்தோம். முதல் இரண்டு தடவை, நான் கேட்காத விவரத்தையும் கொட்டினார். நல்ல தயாரிப்பாளர், மோசமான வக்கீல். மூன்றாம் தடவை, "அதை வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றார். கூர்ந்து பார்த்தால் அந்த ஒரு வாக்கியம் இந்தப் பார்ட்டில் பாதிக் கேள்விக்கு விடை.

ஒரு எல்லையையும் சேர்த்துச் சொல்லி வைத்தேன். இ.ஏ. ஐ.ஆர்.எஸ்.ஸின் எந்த மேசை முன்னாலும் நிற்கலாம், ஆனால் வரி வழக்குகளை விசாரிக்கிற டாக்ஸ் கோர்ட் வாசலில் நின்றுவிட வேண்டும். வக்கீல் அல்லாதவர்கள் உள்ளே போக அந்த நீதிமன்றம் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது: நீதிமன்ற விதிகள், வரிச் சட்டம், சாட்சியச் சட்டம், தொழில் நெறி. நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ஒன்றைத் தேறி மூன்று வருடம் வைத்திருக்கிற வசதி அங்கே கிடையாது. தேறுகிறவர்கள் சொற்பம்.

ஐந்தாவது சிட்டிங்கும் அதற்குப் பிறகும்

2024 ஜனவரியில் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, பாஸ்."

தேறினால் இ.ஏ. ஆகிவிட்டதாக நம் ஊரில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். இன்னும் இல்லை. 23-ஆம் படிவத்தில் விண்ணப்பித்து 140 டாலர் கட்ட வேண்டும், கடைசிப் பார்ட் தேறிய ஒரு வருடத்துக்குள். அதன் பிறகு ஐ.ஆர்.எஸ். விண்ணப்பதாரரின் சொந்த வரி நிலையையும் குற்றப் பின்னணியையும் பார்க்கும். தான் போட வேண்டிய ரிட்டர்னைப் போடாதவர் அடுத்தவருக்காகப் பேச வரக்கூடாது என்பது நியாயம்தானே. பதிவு வந்த பிறகும் மூன்று வருடச் சுழற்சியில் 72 மணி நேரம் படிக்க வேண்டும், வருடத்துக்கு 16-க்குக் குறையாமல், அதில் 2 மணி நேரம் தொழில் நெறி. புதுப்பிக்கும் வருடத்தை சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கம் முடிவு செய்கிறது. அந்த எண்ணே இல்லாத நம்மவர்கள் 7, 8, 9-இல் முடிகிறவர்களோடு போய்ச் சேர வேண்டும். அதனால் எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு ஒரே குளிர்காலத்தில் புதுப்பித்தல் வரும், ஒரே வாரத்தில் எல்லோரும் பாஸ்வேர்டைத் தேடுவார்கள்.

அந்த வருடம் ஒரு பெண் வாடிக்கையாளருக்கு ஐ.ஆர்.எஸ். நோட்டீஸ் வந்தது. பங்கு விற்ற பணத்தை முழு வருமானமாக எடுத்துக்கொண்டு வரி கேட்டிருந்தார்கள். வாங்கிய விலையைக் கழிக்கவில்லை. எளிய விஷயம். அமெரிக்க அலுவலகம் இந்தமுறை குவெரி ஷீட் அனுப்பவில்லை, தம்பியின் பெயரில் 2848 அனுப்பியது. இரண்டாம் பக்கத்தில் வாடிக்கையாளரின் கையெழுத்து. அதற்குக் கீழே, நான் இன்ன தகுதியில் இவருக்காக நிற்கிறேன் என்று உறுதிமொழியோடு பிரதிநிதி கையெழுத்திட வேண்டிய கட்டம். வக்கீலுக்கு 'ஏ', சி.பி.ஏ.வுக்கு 'பி', இ.ஏ.வுக்கு 'சி'. அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாலை ஏழரை மணிக்கு, அங்கே காலை பத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம் இசை. பிறகு யாரோ ஓர் அதிகாரி எடுத்துப் பெயர், எண் எல்லாம் கேட்டுக்கொண்டு, யார் சார்பில் பேசுகிறீர்கள் என்றார். தம்பி ஒரு கணம் திரையைப் பார்த்தார். ஃபைல் எண் மேலே இருந்தது. அதைத் தாண்டிக் கீழே போய் அந்த அம்மாவின் பெயரை முழுவதுமாக, எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஒன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.